ஹியூ ஹாம்ப்டன் யங்

முதுமை எய்திய ஆண்மக்கள் பலரை வாட்டும் நோய்களுள் புராஸ்டேட் சுரப்பியின் நோய் ஒன்று. சிறுநீர்ப்பையின் கழுத்தடியில், சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்து அமைந்திருக்கும் சிறு சுரப்பி அது. அதிற் புற்று தோன்றினால் அறுத்து எடுக்கலாம் என்று செய்து காட்டிய பெருமருத்துவர், அமெரிக்கரான ஹியூ ஹாம்ப்டன் யங்.

1870ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் அவர் பிறந்தார். வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றபின், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையை அடைந்தார். அங்கு அறுவைத் துறைத் தலைவராக விளங்கியவர் புகழ்பெற்ற ஹால்ஸ்டெட். 1897இல் அவர் யங்கைச் சிறுநீரகப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆக்கினார். அத்துறையில் தமக்கு ஒன்றும் தெரியாது என யங் தயங்கினார், ஹால்ஸ்டெட் விடவில்லை. அப்போது யங்குக்கு வயது 27. தெரியாத துறையைத் தம் வாழ்வாகவே அவர் ஆக்கிக்கொண்டார்.

1904ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், புற்றுற்ற புராஸ்டேட்டை விந்துப்பைகளோடு முழுமையாக எடுத்தார். விதைப்பைக்கும் குதத்துக்கும் இடைப்பட்ட வழியே அவ்வறுவை நடந்தது. ஆசானாகிய ஹால்ஸ்டெட்டே உதவியாளராக நின்றார்!

சுரப்பியை எடுத்ததும் சிறுநீர்ப்பைக்கும் குழாய்க்கும் இடையே வெற்றிடம் உண்டாகிறது. பையைக் கீழே இழுத்து, எஞ்சிய குழாயோடு தைக்கவேண்டும். சிறுநீரை அடக்கும் காவல் இரண்டு: பையின் கழுத்தில் ஒன்று, சுரப்பிக்குக் கீழே மற்றொன்று. அறுவையில் மேற்காவல் பெரிதும் குலைகிறது. கீழுள்ள சுருக்குத்தசையே முழுச் சுமையையும் ஏற்கவேண்டும். அது கெட்டால் உயிர் பிழைத்தவன் ஈர ஆடையோடு நாணி, அவையை விட்டு ஒதுங்குவான். புற்று நீங்கியது போதும் என்று எவர் சொல்லமுடியும்?

அடக்க இயலாமையின் துன்பத்தை யங் நன்கறிந்தவர். பிறவிக் குறையால் சிறுநீரை அடக்க மாட்டாதார்க்குப் பையின் கழுத்தை இறுக்கிச் சீரமைக்கும் முறையொன்றை 1922இல் வெளியிட்டார். பின்னாளில் டீஸ் என்பார் அதனைத் திருத்தி வளர்த்தார்.

வைரங்களை அணிந்து உலாவிய செல்வர் ஜேம்ஸ் பிரேடி, 1912இல் யங்கிடம் சிகிச்சை பெற்று நலமுற்றார். நன்றிக்கடனாக அவர் ஈந்த பொருளால் 1915இல் பிரேடி சிறுநீரகவியல் நிலையம் எழுந்தது. 1917இல் யங் அத்துறைக்கெனத் தனி ஆய்விதழ் தொடங்கினார். அவ்வாண்டே அமெரிக்கப் படையுடன் பிரான்சு சென்று, வீரரிடையே பால்வினை நோய்களைத் தடுக்கும் பணியை நடத்தினார். 1940இல் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். 1945 ஆகஸ்டு 23இல் மறைந்தார்.

அவர் வளர்த்த நிலையத்திலேயே 1982இல் பாட்ரிக் வால்ஷ், குருதிப்பெருக்கைக் கட்டுப்படுத்தி நரம்புகளைக் காக்கும் அறுவையைச் செய்தார். களம் தெளிவாகத் தெரிந்ததால் கீழ்ச் சுருக்குத்தசையைக் காப்பதும் எளிதாயிற்று.

அடக்கும் ஆற்றல் எப்போது மீளும் என்பதே நோயாளி கேட்கும் முதற் கேள்வி. இன்று ஓரளவு முன்கூட்டிக் கணிக்கலாம். காந்த அதிர்வுப் படத்தில் சுரப்பிக்குக் கீழுள்ள குழாய்ப்பகுதி நீண்டு காணப்பட்டால் மீட்சி விரைவில் வரக்கூடும். இளமை, மிகையற்ற உடற்பருமன், அறுவைக்கு முன்னும் அடக்கும் ஆற்றல் நன்றாயிருத்தல், காக்கப்பட்ட நரம்புகள், மருத்துவரின் பழகிய கை ஆகியன துணைநிற்கும். அடியிடுப்புத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியும் பலருக்கு உதவும். பெரும்பாலோர் ஓராண்டுக்குள் தேறுகின்றனர். சிலர்க்குக் குறை நிலைப்பதும் உண்டு.

ஆயினும் கணிப்பு வாக்குறுதி ஆகாது. இரண்டையும் பிரித்து, அறுவைக்கு முன்பே நோயாளிக்கு உண்மை உரைப்பது மருத்துவர் கடன். மருத்துவம் பயிலும் நண்பர்கள் கத்தியோடு இக்கடனையும் ஏந்துவார்களாக!