சொற்பிறப்புக் கண்ட ஜேம்ஸ் மர்ரே

நாம் நாள்தோறும் வழங்குஞ் சொற்கள் எங்குப் பிறந்தன, எவ்வழி வந்தன என்று வினவுவார் மிகச் சிலர். அவ்வினாவிற்கு விடை காண்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர், ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியராகிய ஜேம்ஸ் மர்ரே.

இவர் 1837-ஆம் ஆண்டில், ஸ்காத்லாந்து நாட்டு டென்ஹோம் என்னும் சிற்றூரில், தையற்காரர் ஒருவர்க்கு மகனாகத் தோன்றினார். பதினான்காம் வயதிற் பள்ளியை விட்டார், கல்வியை விட்டாரல்லர். பல மொழிகளைத் தம் முயற்சியாற் கற்று ஆசிரியரானார். மனைவியாரின் நோய் காரணமாக இலண்டனுக்குச் சென்று, ஒரு வங்கியில் எழுத்தராய் அமர்ந்தார். அவ்வம்மையாரோ 1865-இல் இறந்தனர். இவர் மறுமணஞ் செய்துகொண்டு, 1870-இல் மில் ஹில் பள்ளியில் மீண்டும் ஆசிரியரானார்.

1879-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தார் பேரகராதிப் பணியை இவரிடம் ஒப்புவித்தனர். பத்தாண்டில் முடியும் என்பது அவர்தம் எண்ணம். மர்ரே இரும்புக் கொட்டகையொன்று அமைத்து அதனுள் உழைத்தார். அன்பர் பலர் நூல்களிலிருந்து சொல்லாட்சிகளைச் சீட்டுகளில் எழுதி அனுப்பினர். பிள்ளைகளும் சிறுகாசு பெற்று அவற்றை அகரமுறைப்படுத்தினர். ஓசை ஒப்புமை ஒன்றையே நம்பிச் சொற்பிறப்புக் கூறுதல் அவர்க்கு உடன்பாடன்று. சீட்டுகளைக் கால முறைப்படி அடுக்கி, சான்று காட்டிய வழியே சென்றார்.

1884-இல் வெளிவந்த முதற்பகுதியில் அடங்கிய சொற்களுள் ஒன்று, பிச்சை என்னும் பொருளுடைய 'ஆம்ஸ்' என்பது. அதன் ஈற்றிலுள்ள ஒலியைப் பன்மை விகுதி என மயங்குவாருளர். பழைய ஆங்கிலத்தில் அஃது 'அல்மெஸ்ஸெ' என நின்றது. ஆதலின் அவ்வொலி சொல்லின் பகுதியே, விகுதியன்று. அதற்கு மூலம் இலத்தீன் 'எலீமோசினா'. அதற்கும் மூலம் கிரேக்க 'எலெயேமோசினே'. கிரேக்கத்தில் அதன் முதற்பொருள் இரக்கம். எனவே, இன்று கையாற் கொடுக்கும் பொருளைக் குறிக்குஞ் சொல், பிறந்த இடத்தில் நெஞ்சின் கனிவைக் குறித்தது. இடைநின்ற படிகளுள் ஒன்றை விட்டாலும் இவ்வுண்மை புலப்படாது.

இங்ஙனம் ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்தமையால் வேலை நீண்டது. ஐந்தாண்டுகளின் பின் வெளிவந்த அம்முதற்பகுதி, முதலெழுத்தையும் முடித்திலது. விரைவு வேண்டும் என அச்சகத்தார் நெருக்கினர். மர்ரே சான்றைக் குறைக்க இசைந்திலர். 1885-இல் ஆக்ஸ்போர்டில் குடியேறி, வேறு ஆசிரியர்களின் துணையும் பெற்று உழைத்தார். 1908-இல் 'சர்' பட்டம் பெற்றார். 1915-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் அவர் உயிர் நீத்தபொழுது அகராதி முற்றுப்பெற்றிலது. 4,14,825 சொற்களுடன் 1928-இல் அது நிறைவெய்தியது.

மொழி பயில்வேமாகிய நாம், இரு சொற்கள் ஓசையில் ஒத்தவுடன் உறவு கற்பிக்க விரைகின்றோம். முப்பத்தாறு ஆண்டு உழைத்தும் முடிவு காணாது மறைந்த இப்பெரியார், சான்று கிடைக்குமளவும் பொறுத்திருந்தார். அப்பொறுமையே நாம் அவரிடம் முதற்கண் கற்கவேண்டுவது.