பேசாப்படப் பெருநடிகர் ராஜா சாண்டோ

மீஞ்சூரினின்று அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் வழியாகச் சென்னைப் பட்டணம் செல்லும் புகைவண்டிப் பாதையை அறியாத மாணவர் நம்முள் எவருமிலர். அப்பாதையை ஒட்டிய ஊர்களிலும், பட்டணத்தின் வடகோடியாகிய இராயபுரம், வண்ணாரப்பேட்டை முதலிய பகுதிகளிலும் முற்காலத்தில் வாழ்ந்தோர் பெரும்பாலும் உடலால் உழைப்பவர்: கடலிற் படகு செலுத்துவோர், துறைமுகத்தில் மூட்டை சுமப்போர், உப்பளத்தில் வெயில் காய்வோர். பகலெல்லாம் உழைத்த உடலை மாலையில் மற்போருக்கும் சிலம்பத்துக்கும் பழக்கியவர்களும் அவர்களே. பின்னாளில் பெயர் பெற்ற சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்னும் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் நினைவு இப்பக்கத்தில் இன்றும் மறையவில்லை. இத்தகைய ஜனங்கள் வாழ்ந்த பட்டணத்திற்குப் பேசாத சலனப்படம் வந்து சேர்ந்தபொழுது, அவர்களுடைய அன்பு எவ்வகை நடிகரைச் சார்ந்திருக்கும் என்று ஊகித்தல் அரிதன்று.

ரகுபதி வெங்கையா நாயுடு என்பார் மவுண்ட் ரோட்டில் கெயிட்டி என்னும் கொட்டகையையும், பின்னர்த் தங்கசாலைத் தெருவில் கிரௌன் என்பதையும் எழுப்பினார். வடபுறத்தார்க்கு அணித்தாயிருந்தது கிரௌன். படம் மாறும் நாளில், வண்டியின் இருபுறமும் விளம்பரத் தட்டிகளைக் கட்டி, மேளம் முழங்கத் துண்டுப் பிரசுரங்களை வீசிச் செல்வார்கள். உள்ளே திரைக்கு அருகே தரையிலமர்வோர்க்குக் கட்டணம் சொற்பம். படத்தின் நடுவே தோன்றும் எழுத்துக்களைப் படிக்கத் தெரியாதார் பலராதலின், ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். கதாநாயகன் வெள்ளையனா, வங்காளியா, மராட்டியனா என்று எவரும் வினவுவதில்லை. திரையிலுள்ளவன் பேசாதவனாதலின், அவன் எல்லார்க்கும் உரியவனானான்.

அந்நாளைய ரஸிகர்களின் முதல் நாயகர் மேனாட்டாரே. எட்டி போலோ என்பவர் நடித்த தொடர்ப்படங்களுக்குச் சென்னையில் இருந்த மோகம் பெரிது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வீரனை ஆபத்தில் நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடுவார்களாம். அவன் பிழைத்தானா என்று அறிய அடுத்த பகுதிக்குக் காசு சேர்க்க வேண்டும்! எல்மோ லிங்கன், டக்ளஸ் பேர்பாங்க்ஸ், சார்லி சாப்ளின் ஆகியோரும் அவ்வாறே இந்தியா முழுவதும் கொண்டாடப்பட்டனர். 1927-ல் சென்னைப் பிரமுகராகிய திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழு, நாட்டிற் காட்டப்பட்ட படங்களில் நூற்றுக்கு 85 வீதம் பிறநாட்டன என்று கண்டது. எஞ்சிய சிறு பங்கினுள்ளே நின்று, அம்மேனாட்டாருக்கு ஈடாக நம் ஜனங்களின் ஆரவாரத்தைப் பெற்ற தமிழர் ஒருவர் உண்டு. அவரே இக்கட்டுரைக்கு உரியவர்.

பி. கே. நாகலிங்கம் என்பது அவரது இயற்பெயர். புதுக்கோட்டை அவர் ஊர். பிறந்தது 1890-களின் இடைப்பகுதி. இளமையிலேயே தேகப்பயிற்சியில் ஈடுபட்டார். அக்காலத்தில் யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானிய பலசாலியின் புகழ் உலகமெங்கும் பரவியிருந்தது. அவர் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்து தம் தசை வன்மையைக் காட்டிச் சென்றார். அதன்பின் நம் நாட்டில் மார்பும் தோளும் திரண்டவனெல்லாம் சாண்டோ ஆனான். கையில்லாத உள்சட்டைக்கு இன்றளவும் வழங்கும் சாண்டோ பனியன் என்ற பெயரும் அம்மனிதர் விட்டுச்சென்றதே. நாகலிங்கமும் அப்பெயரைப் பூண்டு ராஜா சாண்டோ ஆயினார்.

தமிழ்நாட்டிற் படத்தொழில் அப்பொழுது குழந்தைப் பருவத்தில் இருந்தது. வேலூர் நடராஜ முதலியார் சென்னையில் கீசகவதம் எடுத்துச் சில ஆண்டுகளே கடந்திருந்தன. ஆகவே உடல்வலி ஒன்றையே முதலாகக் கொண்ட இளைஞர் பம்பாய்க்குச் சென்றார். அங்கே எஸ். என். பாடங்கர் என்பவரின் நிறுவனத்தில் வீரச்செயல் புரியும் நடிகராகச் சேர்ந்து, 1922-ல் பக்த போதனா என்ற படத்தில் தோன்றினார். அடுத்த ஆண்டு வீர பீமசேன் வந்தது. அவர் தாய்மொழியை அறியாத ஊரில், ஹிந்துஸ்தானியோ குஜராத்தியோ நாவில் எளிதிற் புரளுமா என்று எவரும் சோதிக்கவில்லை. நல்ல குரல் உண்டா, பாட வருமா என்பதும் கேள்வியாகவில்லை. உடல் பேசிற்று, அது போதுமாயிருந்தது.

ஆயினும் இவரை வெறும் மல்லர் என்று எண்ணுதல் பிழையாகும் என்பது நம் துணிபு. 1926-ஆம் ஆண்டில் டெலிபோன் கேர்ள், டைப்பிஸ்ட் கேர்ள் என்னும் இரு படங்களில் சுலோசனாவுடன் நடித்தார். சுலோசனா என்பது ரூபி மையர்ஸ் என்ற யூதப் பெண்மணியின் திரைப்பெயர். டெலிபோன் நிலையத்தில் உண்மையாகவே வேலை பார்த்தவர் அவர். அந்நாளைய நடிகையருள் முதன்மையானவர். 1927-ல் சந்துலால் ஷா இயக்கிய குணசுந்தரியில் கோஹர் மனைவியாகவும் ராஜா சாண்டோ கணவராகவும் நடித்தனர். இல்லறத்தில் கணவன் மனம் ஏன் வெளியே திரிகிறது என்பதே அதன் பொருள். புராண வேடமும் வாளும் கேடயமும் இல்லை. அக்காலத்து உடையும் வீடும் அலுவலகமுமே காட்சிகள். குஸ்தியும் குதிரைப் பாய்ச்சலும் காணப் பழகிய தரை டிக்கட்டு ரஸிகர்கள், அதே மனிதர் தம் மனைவியின் முன் நாணி நிற்பதையும் காணவேண்டியதாயிற்று. அவர்கள் அதற்காக அவரை விட்டுவிடவில்லை. இது சிறு வெற்றியன்று.

புகழோடு அவர் சென்னைக்குத் திரும்பினார். 1930-ஐ ஒட்டி ஆர். பத்மநாபன் என்பார் தொடங்கிய அசோஸியேட்டட் பிலிம்ஸ் நிறுவனம் அவரை டைரக்டராக அழைத்தது. பேயும் பெண்ணும், நந்தனார், அநாதைப் பெண், ராஜேஸ்வரி என விரைவாகப் படங்கள் வெளிவந்தன. அநாதைப் பெண், வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவலைத் தழுவியது; பின்னர்ப் பெரும்பெயர் பெற்ற கே. சுப்பிரமணியம் இந்நிறுவனத்திலேயே தொழில் பயின்றார். புராணங்களன்றி வேறு கதை செல்லாது என்று முதலாளிகள் நம்பிய காலத்தில், சமூகக் கதைகளை எடுக்கத் துணிந்தார் சாண்டோ. காதற் காட்சிகளையும் கூச்சமின்றி அமைத்தார். விளம்பரங்கள் அதனை மறைக்கவுமில்லை. அவர் மிகவும் கண்டிப்பானவர். தம் உடலை எவ்வாறு வருத்தினாரோ, அவ்வாறே பிறரையும் வேலை வாங்கினார்.

அந்நிலையிலேதான் திரை வாய் திறந்தது. 1931 மார்ச்சில் பம்பாயில் ஆலம் ஆராவும், அவ்வாண்டு அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த காளிதாஸும் திரையிடப்பட்டன. ஓரிரண்டு ஆண்டுகளில் ரஸிகர்களின் உள்ளம் முற்றும் மாறியது. அதுவரை கண்ணால் நேசித்தவர்கள் இப்பொழுது காதால் நேசிக்கத் தொடங்கினர். நாடக மேடையிற் பாடிப் பழகியவர்களே தேடப்பட்டனர். சுலோசனாவே ஓராண்டு தொழிலை நிறுத்தி ஹிந்துஸ்தானி கற்றுத் திரும்ப வேண்டியதாயிற்று என்றால், பிறர் கதையைச் சொல்வானேன்? இந்தியா முழுவதற்கும் ஒன்றாயிருந்த கொட்டகை, மொழிக்கொன்றாகப் பிரிந்தது. பம்பாயில் ஒரு தமிழர் வடநாட்டார்க்கு நாயகராதல் இனி எளிதன்று.

ராஜா சாண்டோ இதனை நன்குணர்ந்தார் என்றே தோன்றுகின்றது. இதன்பின் அவர் பெயர் நின்றது பெரும்பாலும் திரைக்குப் பின்னே, டைரக்டர் என்ற இடத்திலாம். 1935-ல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலாகிய மேனகாவை டி. கே. எஸ். சகோதரர்களைக் கொண்டு படமாக்கினார். நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்தார். 1936-ல் ஜே. ஆர். ரங்கராஜுவின் சந்திரகாந்தாவை எடுத்தபோது, தம் புதுக்கோட்டையைச் சேர்ந்த சின்னப்பாவை முதன்முதலாகத் திரையேற்றினார். பி. யு. சின்னப்பா பின்னர்ப் பாட்டாலும் வீர நடிப்பாலும் எத்தனை உயர்ந்தார் என்பதை யாவரும் அறிவர். 1939-ல் தியாகராஜ பாகவதர் நடித்த திருநீலகண்டர் ராஜா சாண்டோவின் டைரக்‌ஷனில் வெளிவந்து பெருவெற்றி அடைந்தது. அப்படத்தின் பாடல்களைக் கேட்கவென்றே ஜனங்கள் மீண்டும் மீண்டும் சென்றனர். தம் குரலை ஒருபோதும் நம்பியிராத பழைய நடிகர், குரலொன்றாலேயே அரசாண்ட புதிய நடிகரை இயக்கி நின்ற காட்சியை எண்ணிப் பார்க்கின்றோம்.

அவ்விருவரும் மறுபடி சேர்ந்தது சிவகவியில். ஆனால் படத்தின் நடுவே எழுந்த கருத்து வேற்றுமையால் ராஜா சாண்டோ விலகினார். தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவே இயக்கி முடித்து, 1943-ல் வெளியிட்டார். எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளித்தல் நம் வேலையன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னாயின், அவரை விலக்கிவிட்டு ஒரு படத்தை முடிக்க எந்த முதலாளியும் எளிதில் துணிந்திரார் என்று மட்டும் கூறுவோம். இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த அந்நாட்களிலேயே, ஐம்பதை ஒட்டிய அகவையில், கோயம்புத்தூரில் அவர் காலமானார்.

தமிழ்நாடு அரசு திரைத்துறையினர்க்கு வழங்கும் விருதுகளுள் ஒன்று ராஜா சாண்டோவின் பெயரைத் தாங்கியுள்ளது. ஆனால் அவர் தமிழ்நாட்டில் எடுத்த பேசாப்படங்களுள் ஒன்றேனும் இன்று காணக் கிடையாது. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. வெப்பத்திலும் ஈரத்திலும் தானே நைந்து பொடியாவது. டாக்கி வந்தபின் அவற்றைப் பேணுவாரும் இலர். இந்தியாவில் 1,300-க்கு மேற்பட்ட பேசாப்படங்கள் எடுக்கப்பட்டன. எஞ்சியவை, துண்டு துணுக்குகளையும் சேர்த்து, முப்பதுக்கும் குறைவு. தென்னிந்தியாவில் தப்பியது மார்த்தாண்டவர்மா ஒன்றே. 1933-ல் வெளியான அதனைக் காத்தது ரஸிகர்களின் அன்பன்று, நீதிமன்ற வழக்கு. மூலநாவலின் பதிப்பாளர் உரிமை கோரி வழக்குத் தொடுத்துப் படத்தை நிறுத்தவே, சுருள்கள் அவரிடமே தங்கின. நெடுங்காலங் கழித்து, 1970-களில், அவை புனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தன. பேயும் பெண்ணும் படத்துக்கோ ராஜேஸ்வரிக்கோ அவ்வாறு வழக்காட ஒருவரும் முன்வந்திலர்.