கால்பந்து ஆசான் ரஹீம்

கிரிக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம். எந்த வீரர் எந்த ஆட்டத்தில் எத்தனை ஓட்டங்கள் எடுத்தார் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நண்பர்கள் எங்கள் வகுப்பில் உண்டு. ஆனால் கால்பந்தில் இந்தியா ஆசியக் கண்டத்திலேயே முதலிடம் பெற்றிருந்தது, அதுவும் இருமுறை பெற்றிருந்தது என்று நான் சொன்னபோது அவர்களே நம்ப மறுத்தார்கள். அவ்விரு முறையும் நம் அணியைப் பழக்கி அழைத்துச் சென்றவர் ஒருவரே. அவர் பெயர் சையது அப்துல் ரஹீம். 2024ஆம் ஆண்டில் அவரைப் பற்றி ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்த பிறகு சிலருக்கு அப்பெயர் தெரிந்திருக்கிறது. எனக்கோ அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தார் என்ற செய்திதான் மனத்தில் தங்கிவிட்டது.

ரஹீம் 1909 ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். பல்கலைக்கழக அணியிலும், பின்னர் கமர் கிளப் என்னும் உள்ளூர் அணியிலும் விளையாடினார். ஆட்டக்காரராக அவர் பெற்ற பெயர் பெரும்பாலும் அந்நகரத்தோடு நின்றுவிட்டது. பட்டம் பெற்றவர்கள் அரிதாயிருந்த அக்காலத்தில் பெரிய உத்தியோகம் ஒன்றைத் தேடிப் போயிருக்கலாம். அவர் பள்ளி ஆசிரியராகவே சேர்ந்தார். பின்பு உடற்கல்விப் பட்டயமும் பெற்று, பள்ளியில் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். (நாங்கள் படித்த காலத்தில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாக நினைவில்லை. ரஹீம் இருந்த பள்ளியில் அது நடந்திராது என்று எண்ணிக்கொள்கிறேன்.)

ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்கு அவர் பயிற்சியாளரானதும்தான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பையை அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. கல்கத்தாவே கால்பந்தின் தலைநகரம் என்று எல்லாரும் எண்ணியிருந்த காலம் அது. அவர் கையாண்ட முறைகள் ஓர் ஆசிரியருக்கே தோன்றக்கூடியவை. வலக்காலால் மட்டும் உதைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு, இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியோடு போட்டி வைப்பார். பந்தைத் தனியாகக் கடத்திக்கொண்டு போகக் கூடாது, உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி. எந்தக் குறை இருக்கிறதோ அதையே பாடமாக வைப்பது அவர் வழக்கம். பிரேசில் நாட்டார் 1958இல் உலகுக்குக் காட்டிய நான்கு, இரண்டு, நான்கு என்ற அணிவகுப்பை அதற்கு முன்பே இங்கே முயன்று பார்த்தவர் என்றும் அவரைக் குறிப்பிடுவார்கள்.

செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில், வறுமையில் வளர்ந்த துளசிதாஸ் பலராம் என்ற சிறுவனின் ஆட்டத்தை ரஹீம் கண்டார். பயிற்சிக்கு வரச் சொன்னார். அவ்வளவு தூரம் வந்துபோகப் பையனிடம் காசு இல்லை. சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வரும்படி தம் கையிலிருந்து பணம் கொடுத்தார். அந்தப் பலராம்தான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெரு நாட்டுக்கு எதிராகவும் கோல் போட்டவர். என்னைப் போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களுக்கு அந்த வாடகைச் சைக்கிளின் அருமை விளக்காமலே விளங்கும்.

1951 மார்ச்சில் புது டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் மேவாலால் போட்ட ஒரே கோலினால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரும் அடி விழுந்தது. யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்றோம். நம்மவர் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினார்கள்.

இதை நினைத்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எங்கள் திருக்காட்டுப்பள்ளியில் கோடையில் குடமுருட்டி வறண்டுவிட்டால் ஆற்று மணல்தான் மைதானம். அங்கே பூட்சு போட்டு வருகிறவனைத்தான் நாங்கள் கேலி செய்வோம். மணலில் கால்விரல் ஊன்றிக்கொள்ளும், பந்தும் சொன்னபடி கேட்கும். குளிர்ந்து வழுக்கும் புல்தரை அப்படியன்று. உராய்வு குறைந்த இடத்தில் ஓடுகிறவன் நினைத்த மாத்திரத்தில் நிற்கவும் திரும்பவும் முடியாது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அத்தோல்விக்குப் பின் பூட்சு கட்டாயமாக்கப்பட்டது.

நான்கே ஆண்டுகள். 1956இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என வென்றோம். நெவில் டி சௌசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக்கில் அவ்வாறு செய்த முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் எதிரே வந்தது அதே யுகோஸ்லாவியா. முதல் கோலை நாம் போட்டோம்! முடிவில் 4-1 எனத் தோற்றாலும், பத்துக் கோல் வாங்கிய அணியா இது என்று கேட்கும்படி ஆடினார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் நான்காம் இடம் என்பது அதற்குப் பிறகு இந்தியாவுக்குக் கிட்டவே இல்லை. 1960இல் ரோமில் பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தோம். அவ்வணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். தந்தை பயிற்சியாளர், ஆயினும் ஓர் ஆட்டத்திலும் மகனைக் களத்தில் இறக்கவில்லை.

1962இல் ஜகார்த்தா. இஸ்ரேல், தைவான் நாடுகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்தமையால் அந்நகரமே நம்மவர்மேல் சினம் கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. தாய்லாந்துடன் ஆடியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போட வேண்டியதாயிற்று. கட்டோடு இருக்கும் அவரைத் தடுப்பில் நிறுத்த முடியாது என்று வேறொருவர் உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்வரிசையில் நிறுத்தினார்! அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என வென்றபோது ஜர்னைல் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம், மீண்டும் தென் கொரியா. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூச்சலிட, பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் மட்டும் நமக்காகக் கைதட்டியதாக நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். முதல் இருபது நிமிடங்களில் பி. கே. பானர்ஜி ஒன்றும் ஜர்னைல் ஒன்றுமாக இரண்டு கோல்கள். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். கடைசி நேரத்தில் கொரியர் ஒன்று திருப்பினர். 2-1. ஆசியத் தங்கம் இரண்டாம் முறையாக நமக்கு.

ஒன்பது மாதங்கள்தாம் கடந்தன. 1963 ஜூன் 11ஆம் நாள் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 53. 1960க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவில்லை. ஆசியப் போட்டியில் 1970இல் ஒரு வெண்கலம் வந்ததோடு சரி. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியர் விருது 1985இல்தான் ஏற்பட்டது. அவரிடம் பயின்ற பானர்ஜி ஆடி ஓய்ந்தபின் தாமே பயிற்சியாளராகி, 1970களில் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியையும் பின்னர் மோகன் பகான் அணியையும் கோப்பைமேல் கோப்பை வாங்க வைத்தார். ஐதராபாத் ஆசிரியரோ, இரண்டு தங்கங்களுக்குப் பின்னும், இறுதிவரை ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளராகவே இருந்தார்.