மிஸ்ரிலிருந்து மீண்ட மாலுஸ்

ஒளியியல் என்றதும், பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதமின் பெயர் உங்கள் நினைவில் எழும். அம்மேதை மறைந்து ஏறத்தாழ 760 ஆண்டுகளுக்குப் பின், அதே மிஸ்ரு நாட்டில் ஒளியைப் பற்றி ஆய்வுரை ஒன்றை வரைந்தார் ஒரு பிரெஞ்சு இராணுவப் பொறியாளர். அவரே எத்தியேன் லூயி மாலுஸ். 1775-இல் பாரிசில் பிறந்த அவர், 1798-இல் விருந்தினராக அன்று, படையெடுத்து வந்த நெப்போலியனின் சேனையோடு அங்குக் கால்வைத்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

1799 மார்ச்சில் யாஃபா நகரம் வீழ்ந்தது. சரணடைந்த கைதிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். நகரில் நிகழ்ந்த கொலையையும் கொள்ளையையும் மாலுஸ் தம் நாட்குறிப்பில் ஒளிக்காமல் பதிந்து வைத்தார். அவ்வூரிலேயே கொள்ளைநோய் அவரையும் பற்றியது. அரிதாக உயிர் பிழைத்து 1801-இல் தாயகம் திரும்பினார்.

இனி அவரது கண்டுபிடிப்புக்கு வருவோம். ஐஸ்லாந்து நாட்டில் கிடைக்கும் தெளிந்த படிகக்கல் ஒன்றுண்டு. அதனை ஓர் எழுத்தின்மீது வைத்துப் பாருங்கள். எழுத்து இரண்டாகத் தோன்றும். 1669-இலேயே பார்த்தோலின் என்னும் டென்மார்க்கு அறிஞர் இதனை விவரித்திருந்தார். அப்படிகத்தினின்று வெளிப்படும் ஒளி தனித்தன்மை பெறுவதையும் அறிஞர் அறிந்திருந்தனர். அஃது அக்கல்லுக்கே உரிய வினோதம் என்று எண்ணினர்.

1808-இல் ஒரு மாலைப்பொழுது. லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல்களில் பட்டுத் திரும்பிய அந்திக் கதிரவனின் ஒளியைப் படிகத்தின் வழியே மாலுஸ் நோக்கினார். கல்லைத் திருப்பத் திருப்ப, இரு பிம்பங்களுள் ஒன்று மங்க, மற்றது ஒளிர்ந்தது. இதில் என்ன வியப்பு என்பீர்கள். சாதாரணக் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளியும், படிகத்தினுள் புகுந்து வந்த ஒளியைப் போன்றே நடந்துகொண்டதன்றோ! அன்றிரவே மெழுகுவத்தியின் ஒளியை நீரிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பச் செய்து சோதித்தார், அவ்வாறே கண்டார். இத்தன்மையையே நம் பாடநூல்கள் தளவிளைவு என்கின்றன.

இவ்வாறு தளவிளைவுற்ற ஒளிக்கற்றை, அதனை ஆராயும் படிகத்தின் வழியே எவ்வளவு செல்லும் என்பதற்கும் அவர் கணக்கு வகுத்தார். படிகம் இசைந்து நிற்கையில் ஒளி முழுமையாகச் செல்லும். 45 பாகை திருப்பினால் பாதி. 60 பாகையில் கால்பங்கு. 90 பாகையில் இருளே.

பிரான்சும் இங்கிலாந்தும் போரிட்டுக்கொண்டிருந்த வேளையிலும், 1810-இல் இலண்டன் ராயல் சங்கம் இப்பகைநாட்டவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் வழங்கியது நினைக்கத்தக்கது. 1812 பிப்ரவரி 24 அன்று, தமது 36-ஆம் வயதில், நுரையீரல் நோயால் மாலுஸ் மறைந்தார்.

ஒளி நுண்துகள்களால் ஆனது, அத்துகள்களுக்குக் காந்தத்தைப்போல் முனைகள் உண்டு என்பது அவர் கொள்கை. ஐரோப்பிய மொழிகளில் இத்தன்மைக்கு முனையை ஒட்டி அவர் பெயர் சூட்டியது அதனாலேயே. 1821-இல் ஃபிரெனெல், ஒளி குறுக்கே அதிரும் அலை என்று கொண்டு இதே நிகழ்ச்சிக்கு விளக்கம் தந்தார். முனைகள் பற்றிய கருத்து கைவிடப்பட்டது. அவர் வகுத்த கணக்கும் சூட்டிய பெயரும் இன்றும் வழங்குகின்றன.