நிலம் அளந்தவரும் சொல் தந்தவரும்

படூரிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில் நாம் பலமுறை பயணம் செய்திருக்கிறோம். அங்குள்ள கற்கோயில்களைக் கண்டு வியந்திருக்கிறோம். ஆயின், அவ்வூரைக் குறித்து 1803-இல் தெலுங்கில் எழுதிவைத்த காவலி இலட்சுமய்யாவை எண்ணியதுண்டா? அவரை அப்பணியில் ஈடுபடுத்தியவர் கர்னல் காலின் மெக்கன்சி.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1754-இல் பிறந்த மெக்கன்சி, 1783-இல் கும்பினிப் படையில் பணியாற்ற இந்தியா வந்தார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் நாட்டை அளந்து படம் வரையும் பொறுப்பினை ஏற்றார். ஆறும் மலையும் குறிப்பதோடு அவர் அமையவில்லை. ஊர்தோறும் கல்வெட்டுப் படிகளையும் ஏட்டுச் சுவடிகளையும் திரட்டினார். ஆயினும் தென்னாட்டு மொழிகளை அவர் அறியார். அக்குறையை நீக்கியவர் காவலி வெங்கட போரய்யா. 1803-இல் அவர் மறைந்தபின், தம்பி இலட்சுமய்யா அப்பொறுப்பைத் தாங்கினார்.

1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக உயர்ந்த மெக்கன்சி, 1821 மே 8-இல் காலமானார். தொகுப்புப் பணியைத் தொடர இலட்சுமய்யா விழைந்தார். அவருக்கு அவ்வாய்ப்பு வழங்கப்படவில்லை. சுவடிகளை ஆராயும் பணி வில்லியம் டெயிலர் என்னும் பாதிரியாரிடம் சென்றது.

அத்தொகுப்பின் தென்மொழிச் சுவடிகள் பல, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. நம் மாணவர் அங்குச் சென்று அவற்றைப் பயிலல் வேண்டும். நிலப்படத்தில் ஒருவர் பெயரே நிலைத்தது. அதற்குச் சொல் தந்த பலரையும் வரலாற்றில் நிறுத்துவது நம் கடமையாகும்.