திருமழிசைப்பிரானும் மயிலை ஆசார்யரும்

தத்துவ விசாரத்திற்கு அதிகாரி யார் என்னும் கேள்விக்குத் திருமழிசையாழ்வாருடைய சரிதமே விடையாக அமைந்துள்ளது.

தை மாதம் மக நக்ஷத்திரத்தில் பார்க்கவ மஹரிஷியின் குமாரராகத் திருவவதரித்த இவ்வாழ்வார், பிரம்புப் புதரின் அடியில் விடப்பட்டார். பிரம்பறுக்க வந்த திருவாளன் என்பவரும் அவருடைய தேவி பங்கயச்செல்வியும் இவரை வளர்த்தனர். ஆழ்வார் பல சமயங்களிலும் புகுந்து ஆராய்ந்தார். முடிவில் சைவத்தில் ஊன்றி, வாதத்தில் வல்லவராய்த் திகழ்ந்தார்.

இவரைத் திருத்திப் பணிகொள்ளத் திருவுள்ளம் பற்றியவர், மயிலையில் கிணற்றில் செவ்வல்லி மலரிலே ஐப்பசிச் சதயத்தில் அவதரித்த பேயாழ்வார். இவர் வரும் வழியில், செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தில் நீர் முகந்து ஊற்றிக்கொண்டிருந்தார் அவர். இவர் அதைக் கண்டு நகைத்தார். வேரை மேலாக்கி நட்ட செடி எப்படித் தழைக்காதோ, அப்படியே மூலப்பொருளை விட்டுச் செய்யும் விசாரமும் பலன் தாராது என்பதை அவர் உணர்த்தினார். இருவருக்கும் நெடிய வாதம் நிகழ்ந்தது. முடிவில் இவர் ஸ்ரீமந் நாராயணனே பரதத்துவம் என்று தெளிந்து, பேயாழ்வாரையே ஆசார்யராக வரித்துப் பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்றார்.

பிற்காலத்தில் இவர் பெரும்புலியூரில் ஒரு திண்ணையில் எழுந்தருளியிருந்தார். அங்கு வேதம் ஓதிக்கொண்டிருந்த அந்தணர்கள், வளர்ந்த குலத்தை எண்ணி, இவர் செவிபட ஓதலாகாதென்று நிறுத்தினர். இவர் குறிப்பறிந்து அவ்விடம் விட்டு எழுந்தார். மீண்டும் ஓதத் தொடங்கியவர்களுக்கோ விட்ட இடம் நினைவுக்கு வரவில்லை. இவர் வாய்திறந்து சொல்லாமல், ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். அதைக் கண்டவுடன் அவர்களுக்கு மறந்த வாக்கியம் தோன்றிற்று. தங்கள் பிழையும் தோன்றிற்று. எழுந்து வந்து ஆழ்வாரை வணங்கினர்.

எவருடைய செவியில் வேதம் விழலாகாதென்று எண்ணினார்களோ, அவரிடமே வேதத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவரும் தமக்கு நேர்ந்த அவமதிப்பைப் பொருட்படுத்தாமல் உதவினார். ஞானத்திற்கு அடையாளம் குலமன்று, இந்தப் பெருந்தன்மையே என்பதை அடியார்கள் உணர வேண்டும்.

96 பாசுரங்கள் கொண்ட நான்முகன் திருவந்தாதியையும், 120 பாசுரங்கள் கொண்ட திருச்சந்த விருத்தத்தையும் இவர் அருளிச்செய்தார். இவற்றை இன்று கோயில்களில் ஸேவிக்கும் நாம், பாகவதர்களிடம் பிறப்பை ஆராய்வது தகுமோ? மயிலை ஆதிகேசவப் பெருமாள் ஸந்நிதியில் பேயாழ்வாரை ஸேவிக்கும்போது, அவர் திருத்திய சிஷ்யரையும் நினைப்போமாக.

திருமழிசைப்பிரான் திருவடிகளே சரணம்.