கல்லில் எழுதிய திருமகள்

நம் கடப்பாக்கத்துப் பழைய வீடுகளின் பூசை மாடத்தைக் கூர்ந்து நோக்கியவர்கள் அந்தப் படத்தை அறிவார்கள். தாமரைமேல் திருமகள் நிற்பாள்; அருகே மாலை ஏந்திய யானை; பின்னே நீர்ப்பரப்பு. கடற்காற்றின் உப்பு சட்டத்தின் ஆணியை அரித்துத் தின்றிருக்கும். முகம் மட்டும் மங்காமல் இருக்கும். அம்முகத்தை வரைந்தவர் யார் என்று வினவினால் வீட்டார் பலர் விடை சொல்லத் தயங்குவர். வரைந்தவர் இராஜா இரவிவர்மா. ஓவியர் இரவிவர்மாவைப் பற்றி எழுதியோர் பலர். அச்சுக்கூடம் நிறுவிக் கைப்பொருள் இழந்த பதிப்பாளர் இரவிவர்மாவே என் சிந்தையை மிகுதியும் ஈர்த்தவர். கவிதைத் தொகுதி அச்சிட்டு அட்டைப்பெட்டிகளோடு குடித்தனம் நடத்தும் நம் வட்ட அன்பர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

1848 ஏப்ரல் 29-இல் திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூரில் பிறந்தவர் இரவிவர்மா. தாய்மாமன் இராஜராஜவர்மா தாமே ஓவியர். மருகனின் கைத்திறனை முதலில் கண்டறிந்தவர் அவரே. 14 வயதில் திருவனந்தபுரம் அழைத்துச் செல்லப்பட்ட சிறுவனுக்கு ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவு கிட்டியது. நீர்வண்ணம் பழகிய பின் அவர் உள்ளம் எண்ணெய் வண்ணத்தை நாடிற்று. அரசவை ஓவியர் இராமசாமி நாயக்கர் அக்கலையை அவருக்குக் கற்றுத்தர மனம் கொள்ளவில்லை என்பர். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக வந்து சொல்லிக்கொடுத்தாராம். 1868-இல் அரசவைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்க இசையவில்லை. தாம் தீட்டுவதைப் பார்த்திருக்க மட்டும் இசைந்தார். ஆறுமுகம் பிள்ளையை நம் கலை வரலாறுகள் ஒரு வரிக்கு மேல் பேசுவதில்லை. அந்த ஒரு வரிக்காக நாம் மகிழத்தான் வேண்டும்.

அவருக்குப் புகழ் சென்னையிலிருந்து வந்தது. 1873-இல் சென்னையில் நடந்த கலைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் மங்கையின் ஓவியம் ஆளுநரின் பொற்பதக்கம் பெற்றது. மறு ஆண்டில் சுரபத் என்னும் நரம்புக் கருவியை மீட்டும் தமிழ்ப்பெண்ணின் ஓவியம் பரிசு பெற்றது. துஷ்யந்தனுக்கு மடல் எழுதும் சகுந்தலையை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் விலைகொடுத்து வாங்கினார். பின்னர் மானியர் வில்லியம்சின் சாகுந்தல மொழிபெயர்ப்பில் அப்படம் முகப்பாக இடம்பெற்றது. மன்னரும் திவான்களும் ஆளுநர்களும் அவர்முன் அமர்ந்து தம் உருவத்தைத் தீட்டுவித்துக்கொண்டனர். பரோடா மன்னருக்காக 1888-இலிருந்து அவர் தீட்டிய 14 புராண ஓவியங்கள், அரண்மனைக்குச் செல்லும் முன் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. திரள் திரளாக மக்கள் வந்தனர். வந்தவர்கள் ஒரு முறை கண்டு திரும்பினர்; ஓவியங்களோ அரண்மனைச் சுவர்களுக்குச் சென்றன.

அந்த இடைவெளியைப் பற்றி முன்பே எண்ணியவர் ஒருவர் உண்டு. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் த. மாதவராவ் அவர். ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப்படிகள் எடுத்துப் பரப்பலாமே என்று அவர் 1880-களிலேயே இரவிவர்மாவுக்குக் கடிதம் எழுதினார். படிகளை வெளிநாட்டில் எடுப்பதற்கு மாறாக அச்சுக்கூடத்தையே இங்குக் கொணர்வது என்ற முடிவுக்கு ஓவியர் வந்தார். ஜெர்மனியிலிருந்து பொறிகள் வந்தன, தொழில்நுட்பம் அறிந்தோரும் வந்தனர். 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது. அங்கு முதலில் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு.

கல்லச்சு எளிய தொழில் அன்று. மென்மையாக இழைத்த சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புக் கலந்த மையால் படத்தை இடவலம் மாற்றி வரைவர். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், நீர் பட்ட இடம் மையை விலக்கும். கொழுப்புள்ள இடம் ஏற்கும். இது ஒரு வண்ணத்திற்கு. திருமகளின் கன்னத்துச் செம்மைக்கு ஒரு கல், சேலை மடிப்பின் நிழலுக்கு வேறொரு கல் என்று ஒரே படத்திற்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் வேண்டும். ஒவ்வொரு முறையும் தாள் மயிரிழை பிறழாமல் அமர வேண்டும். பிறழ்ந்தால் தேவியின் இதழ் ஓரிடத்திலும் இதழின் சிவப்பு வேறிடத்திலுமாக நிற்கும். இறுதியில் மெருகெண்ணெய் பூசித் துணியில் தீட்டிய ஓவியம்போல் தோன்றச் செய்வர். ஓவியரின் கையை உணர்ந்து கல்லில் மாற்றி வரைந்த கைவினைஞர்கள் அனைவரும் அத்திருமுகத்தின் ஆக்கத்தில் பங்குடையவர்கள்.

வணிகம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. கூட்டாளியோடு பிணக்கு நேர்ந்தது. 1896-இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. தொழிலாளர் நகரைவிட்டு ஓடினர். 1899-இல் அச்சுக்கூடம் லோனாவ்லாவை அடுத்த மலவ்லிக்குப் பெயர்ந்தது. ஓவியர் ஒவ்வோர் அரண்மனையாகச் சென்று உருவப்படம் தீட்டி ஈட்டியது கடனை அடைக்கப் போயிற்று. அரசர்களின் முகங்கள் விற்ற பணத்தில் தேவியரின் முகங்கள் அச்சாயின என்று சொன்னால் மிகையன்று. உடன் பயணம் செய்து, கணக்குப் பார்த்து, பின்புல நிலக்காட்சிகளைத் தீட்டிய தம்பி சி. இராஜராஜவர்மா 1895 முதல் 1904 வரை எழுதிய நாட்குறிப்பு, அந்த ஆண்டுகளின் அலைச்சலுக்குச் சான்று. 1903 அளவில் அச்சுக்கூடம், அங்குப் பணியாற்றிய ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரின் உடைமையாயிற்று. படங்களைப் படியெடுக்கும் உரிமையும் உடன் சென்றது. அதன்பின் இரவிவர்மாவின் தேவியர் தீப்பெட்டியிலும் துணிக்கட்டு முத்திரையிலும் நாட்காட்டியிலும் உலவினர்.

இந்த இழப்பினால் பயன்பெற்றோர் யார்? அரண்மனை வாயிலைக் கடக்க இயலாதவர்கள். அவர்களினும் மேலாக, கோயில் வாயிலைக் கடக்க விடப்படாதவர்கள். தேவியின் திருமுகம் சில அணா விலையில் அவர்களுடைய மண்சுவருக்கு வந்தது. தமக்குரிய தேவியாகப் பெண்கள் அவளை ஏற்றனர். அச்சுத்தாளின்மேல் சரிகையும் சம்கியும் தைத்து அணி செய்தனர். 1900-இல் இரவிவர்மாவின் மகள்வயிற்றுப் பேர்த்திகள் இருவர் திருவிதாங்கூர் அரசகுடும்பத்திற்குச் சுவீகாரம் சென்றனர். அவர்களுள் சேது பார்வதி பாயியின் மகன் சித்திரைத் திருநாள் 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேச உரிமையை அறிவித்தார். கொள்ளுப்பேரன் ஆணை பிறப்பிக்க நாற்பதாண்டுக்கு முன்பே பாட்டனாரின் அச்சுப்படம் அந்த வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது.

ஆனால் வழக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆனந்த குமாரசுவாமி முதலியோர் இரவிவர்மாவின் தெய்வங்களில் நாடக மேடையின் செயற்கையையே கண்டனர். அவ்வளவு கடுமை எனக்கு உடன்பாடன்று. எனினும் மாமல்லபுரத்து வராகக் குகைமுன் நிற்கும்போது மனம் உறுத்துகிறது. அங்கேயும் யானைகள் நீராட்டத் திருமகள் அமர்ந்திருக்கிறாள். பட்டும் பளபளப்பும் அவளுக்கு இல்லை. மேனியின் ஒடுக்கமும் உள்நோக்கிய அமைதியுமே அணி. நம் கடற்கரையில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அமர்ந்திருப்பவளை நோக்கி, வீட்டுப் படம்போல் இல்லையே என்று ஒரு மாணவி என்னிடம் கூறினாள். ஒரே முகம் எங்கும் பரவும்போது வேறு முகங்கள் அந்நியமாகிவிடுகின்றன. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் மாணாக்கரும் சிவகாசி அச்சகங்களின் வழியே பின்னர் வளர்த்த நாட்காட்டிக் கலையிலும் இந்த நன்மையும் தீமையும் சேர்ந்தே தொடர்ந்தன.

1904-இல் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. 1905 தொடக்கத்தில் தம்பி மறைந்தார். வண்ணம் குழைத்த நாள்தொட்டு உடனிருந்த துணை போனபின் நீரிழிவு நோயும் அவரைத் தளர்த்திற்று. 1906 அக்டோபர் 2-இல், பிறந்த கிளிமானூரிலேயே கண்மூடினார். 1979-இல் இந்திய அரசு அவர் ஓவியங்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லலாகாத கலைச்செல்வமாக அறிவித்தது. அதற்கு ஏழாண்டு முன்னரே, 1972-இல், மலவ்லி அச்சுக்கூடம் தீக்கிரையாகிவிட்டது.

அவர் மறைந்தபோது சென்னையில் 23 வயது இளைஞர் ஒருவர் 'இந்தியா' இதழை நடத்திக்கொண்டிருந்தார். 'ஓவியர்மணி இரவிவர்மா' என்ற தலைப்பில் அவர் இரங்கற்பா பாடினார். தமிழ்க் கவிஞர் ஓவியர் ஒருவருக்குப் பாடிய கையறுநிலைப் பாடல்கள் அரியன. பாரதி தொகுப்பில் அது இன்றும் இருக்கிறது. வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் அதனை எவரேனும் படித்துக் காட்டினால் மகிழ்வேன்.